எப்சிபா வீட்டு வாசல்

ஈசாக்குவிளையில் எப்சிபா வீட்டு வாசல் இடம் மாறிக்கொண்டது ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து நான்காம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலில் முதல் மணி அடித்து ஓய்ந்து இரண்டாம் மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தபோது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், உப்பளத்துச் சாலையில் பஸ் போகிறது, ஏறிப் போய் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வீடு கோயிலுக்கு நேர் எதிரே இருந்தது. கதவைத் திறந்தால் கோபுரத்துச் சிலுவை, வேப்பமரம், மணிக்கூண்டு எல்லாம் கண்ணுக்குள் வந்து நிற்கும். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எப்சிபா ஒரு ஞாயிறு ஆராதனையையும் தவறவிட்டதில்லை. மகளைப் பெற்றதைக்கூட ஒரு செவ்வாய்க்கிழமையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள். யார் பிந்தி வந்தார்கள், யார் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தார்கள், யார் பிரசங்கத்தில் தூங்கி விழுந்தார்கள் என்பதெல்லாம் கர்த்தர் மறந்தாலும் மறப்பார், எப்சிபா மறக்க மாட்டாள்.

அன்றைக்கும் வெள்ளைச் சேலை உடுத்து, காணிக்கையை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைத் திறந்தாள். எதிரே கோயில் தெரிந்தது. வலது காலைத் தூக்கிப் படிக்கு வெளியே வைத்தாள். கால் போய் இறங்கியது பாக்கியப்பூ வீட்டு முற்றத்தில்.

கண்ணுக்குக் கோயில், காலுக்கு அந்த முற்றம். செம்மண்ணின் சூடு தெரிந்தது, பக்கத்தில் கோழி கெக்கரித்தது, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த பாக்கியப்பூவின் விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றது. எப்சிபா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கால் வந்துவிட்டது, செருப்பு வரவில்லை. மிதித்தது செருப்புதானே தவிர என் கால் அல்ல என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் மணி அடித்தது. முப்பத்துநான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் இல்லாமல் ஆரம்பப் பாட்டு பாடினார்கள்.

பாக்கியப்பூ வீடு எங்கேயோ தூரத்தில் இல்லை, எப்சிபா வீட்டுக்குப் பின்னாலேயேதான் இருந்தது. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரை எழுப்பி, மேலே கண்ணாடிச் சில்லு பதித்தவள் எப்சிபாதான், பதினொரு வருடத்துக்கு முன்னால். பாக்கியப்பூ புருஷனை இழந்தவள். ஒரே மகன் கிளாட்வின். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது வயது. அப்போதிருந்த ஐயர் – அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள் – இளகின மனசுக்காரர், ஒரு சின்ன ஜெபத்தோடு கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் அடக்கம் பண்ணிவிடலாம் என்றார். கமிட்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பெண்கள் சங்கத் தலைவி எப்சிபா எழுந்து நின்றாள். ஒழுங்கு என்றால் ஒழுங்கு, ஒரு பிள்ளைக்காக விட்டால் ஊருக்கே விட்டதாகும், தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்கு மணியும் இல்லை, ஜெபமும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் ஆறடியும் இல்லை என்றாள். அவளுடைய குரலில் அழுகையோ கோபமோ இருந்திருந்தால் யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள். ரெண்டும் இல்லை, அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாக்கியப்பூ மகனைத் தன் முற்றத்திலேயே புதைத்தாள். அதைக் குற்றமாக்கி அந்த வீட்டைச் சபையிலிருந்து தள்ளிவைத்தார்கள். அன்றைக்குக் கமிட்டியில் எப்சிபா ஒரு வார்த்தையும் கூடுதலாகச் சொன்னாள்: அந்த முற்றத்தில் என் கால் படுமானால் அன்றோடு நான் அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜனப் பந்திக்கு லாயக்கில்லாதவள். அந்தப் பிள்ளைக்கு மூன்று வருடம் ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் வேதப் பாடம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான் என்பதை அன்றைக்கு யாரும் நினைவுபடுத்தவில்லை. அவளும் நினைக்கவில்லை.

சரி, வாசலுக்கு வருவோம். வெளியே இருந்து யார் வேண்டுமானாலும் தெருவழியாக எப்சிபா வீட்டுக்குள் வரலாம். வெளியே போகத்தான் வேறு வழி கிடையாது, போகிறவர் யாரானாலும் பாக்கியப்பூ முற்றத்தில்தான் போய் இறங்குவார். இதை முதலில் கண்டுகொண்டவர் எப்சிபாவின் புருஷன் தனசிங், உப்புக் கம்பெனியில் எடை போட்டு ஓய்வு பெற்றவர், சாதுவான மனுஷர். அன்று மத்தியானம் பேப்பர் வாங்கப் புறப்பட்டவர் முற்றத்தில் இறங்கித் திருதிருவென்று விழித்தார். பாக்கியப்பூ கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் பின்பக்கத்துப் படலைத் திறந்துகொண்டு உப்பளச் சாலை வழியே சுற்றிப் போய்ப் பேப்பர் வாங்கி, தெரு வாசல் வழியாக வீட்டுக்கு வந்தார். மறுநாளும் பேப்பர் வாங்கப் போனார். மூன்றாம் நாள் இரண்டு பேப்பர் வாங்கப் போனபோதுதான் எப்சிபாவுக்குச் சந்தேகம் வந்தது.

யோவேல் கொத்தனாரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, தெற்குச் சுவரில் ஒரு வாசல் உடைக்கச் சொன்னாள். உடைத்தான், நிலை வைத்தான், கரண்டியோடு வெளியே இறங்கினான், பாக்கியப்பூ முற்றத்தில் நின்றான். வடக்குச் சுவரில் உடைத்தான், அதே முற்றத்தில் நின்றான். எப்சிபா விடுகிறவளா? ஓட்டைப் பிரித்து ஏணி போட்டு மேல்வழியாக இறங்கிப் பார்க்கச் சொன்னாள். அவன் கூரைமேல் நின்று கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தெருப்பக்கம் சாத்தியிருந்த ஏணியில் ஒவ்வொரு படியாக எண்ணி எண்ணி இறங்கினான். கடைசிப் படிக்கு அப்புறம் பாக்கியப்பூவின் கோழிக்கூடு. சுற்றி வந்து ஜன்னலில் நின்று, சுவரில் ஒரு கோளாறும் இல்லக்கா, சுவரை இனிமேல் நோகடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் ஐயரும் கமிட்டியாரும் வந்தார்கள். இப்போதைய ஐயர் வயசில் சின்னவர். கமிட்டித் தலைவர் பொன்ரத்தினம்தான் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். ஆறு பேரும் வெள்ளை வேட்டி கசங்காமல் உள்ளே வந்து, இது சாத்தானின் வேலையா கர்த்தரின் வேலையா என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். சாத்தானாக இருந்தால் கோயிலுக்கு எதிர்வீட்டில் அவனுக்கு என்ன துணிச்சல் என்றார் ஒருவர். கர்த்தராக இருந்தால் கமிட்டிக்கு ஒரு வார்த்தை தெரிவித்திருக்க மாட்டாரா என்றார் இன்னொருவர். எதற்கும் இருக்கட்டும் என்று கதவு நிலைமேல் கை வைத்து ஜெபித்துவிட்டு, ஆமென் சொல்லி, வரிசையாக வெளியே இறங்கினார்கள். ஆறு பேரும் கிளாட்வினின் கல்லறையைச் சுற்றி நின்றார்கள். துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பாக்கியப்பூ சிரிக்கவில்லை. பார்த்துப் போங்க, கல்லு கிடக்கு என்று மட்டும் சொன்னாள். பொன்ரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு படலைத் தாண்டினார். மறுநாள் ஒரு தீர்மானம் போட்டார்கள்: சபையார் யாரும் எப்சிபா வீட்டுக்குள் போகக்கூடாது, பேச வேண்டியதை ஜன்னலில் நின்று பேசிக்கொள்ளவும். தாசில்தார் ஆபீசிலிருந்து நில அளவைக்காரர் வந்து நாலு பக்கமும் அளந்துவிட்டு, வீடு பட்டாவில் உள்ளபடிதான் இருக்கிறது, ஓர் அங்குலமும் நகரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முற்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தார்.

தீர்மானம் போட்டால் ஊர் கேட்டுவிடுமா? அங்கேதான் வேடிக்கை தொடங்கியது. இந்தப் பதினொரு வருடமும் பாக்கியப்பூவைப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு வார்த்தை துக்கம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, எப்சிபாவுக்குப் பயந்து, சபைக்குப் பயந்து, போகாமல் இருந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. இப்போது அவர்களுக்கு ஒரு வழி திறந்தது. ஒருத்தி புளி கடன் கேட்டு வந்தாள். ஒருத்தி எப்சியக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வந்தாள். ஒருத்தி சும்மா வந்தேன் என்றே வந்தாள். எல்லோரும் இரண்டு நிமிஷம் எப்சிபாவோடு பேசிவிட்டு, வாறோம் அக்கா என்று வாசல்வழியே இறங்கினார்கள்; இறங்கின இடத்தில் பாக்கியப்பூவைக் கட்டிக்கொண்டு, பதினொரு வருடத்துத் துக்கத்தை அழுது தீர்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, படல்வழியாக வீட்டுக்குப் போனார்கள். யாராவது கேட்டால், நாங்க எப்சியக்கா வீட்டுக்குத்தானே போனோம், வாசல் அப்படி இருந்தா நாங்க என்ன பண்ணுவோம் என்று கையை விரித்தார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமும், மூக்கு உறிஞ்சுகிற சத்தமும், நாள் போகப் போக சிரிப்புச் சத்தமும் கேட்டது. எப்சிபா இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். என் வீட்டை நடைபாதை ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குருத்தோலை ஞாயிறு போயிற்று. பெரிய வெள்ளி போயிற்று. ஈஸ்டர் அன்று விடியலில் வெள்ளைச் சேலை உடுத்து, ஜன்னலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே கோயிலில் பாடின பாட்டையெல்லாம் கூடவே பாடினாள். தெருவில் நின்றவர்கள் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள். கடைசிப் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். கோபத்தில் அழுதாள், வேறு எதற்காகவும் அல்ல. இத்தனை வருஷம் உமக்காக ஓடினவளை இப்படியா உட்கார வைப்பீர் என்று கர்த்தரிடம் நேருக்கு நேர் சண்டை போட்டாள். பின்சுவருக்கு அப்பால் பாக்கியப்பூ இருமினாள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம். அசனம் என்றால் ஊர் முழுக்க ஒரே பந்தி. கோயில் வளாகத்தில் பன்னிரண்டு கொப்பரை வைத்துப் பொங்குவார்கள். அதற்கு அரிசி கடையில் வாங்குவதில்லை. ஈசாக்குவிளையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பாள். சங்கத் தலைவி சனிக்கிழமைதோறும் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்ப்பாள். அசனத்தன்று அவளே கொப்பரைகளுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வீட்டுப் பேரையும் சத்தமாகச் சொல்லி ஒரு பிடி போடுவாள். ஊர் ஆமென் சொல்லும். சொன்னால்தான் அது அந்த வீட்டு அரிசி. இந்த உரிமை எப்சிபாவுக்கு அவள் மாமியார் கையிலிருந்து வந்தது. ஒரு வருடம் நின்று போனால் அடுத்தவள் கைக்குப் போய்விடும், திரும்ப வராது. பொன்ரத்தினத்தின் மனைவி இப்போதே புதுச்சேலை எடுத்துவிட்டாள் என்று தனசிங் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்.

எப்சிபா சனிக்கிழமை முழுக்க அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, சேலை உடுத்து, ஜன்னல் வழியாகவே இந்த நாலு வாரமும் வாங்கிச் சேர்த்த அரிசிப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பந்திக்கு லாயக்கில்லாதவளாகப் போனாலும் போகிறேன், பெட்டி கொப்பரைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த முற்றத்தை அகலத்தில் கடந்தால் பன்னிரண்டு எட்டு. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் திரும்பாமல், எட்டி நடந்து படலைத் தாண்டிவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு இறங்கினாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது அவளுடைய செருப்பு. ஒற்றைச் செருப்பு, கழுவித் துடைத்து, சுவரோரம் ஓடு ஒன்றின்மேல் வெயில் படாமல் வைத்திருந்தது. அதைப் பார்த்ததில் எட்டு பிசகியது. பிறகு கல்லறையைப் பார்த்தாள். பார்க்காமல் போக முடியாது, முற்றமே அதைச் சுற்றித்தான் இருந்தது. சுண்ணாம்பு அடித்த மண் மேடு, நாலு பக்கமும் நித்தியகல்யாணிச் செடி, தலைமாட்டில் பனங்கட்டையில் ஒரு சிலுவை. மேட்டின் நீளத்தைப் பார்த்ததும், பையன் இவ்வளவு வளர்ந்திருந்தானா என்ற நினைப்பு அவளைக் கேட்காமலே வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் அவன் மணலில் முதல் வரிசையில் உட்காருவான். ஒருநாள், மோட்சத்துக்கு வாசல் எத்தனை டீச்சர் என்று கேட்டான். ஒன்று, அதுவும் இடுக்கமானது என்றாள் எப்சிபா. போன வாரம் பன்னிரண்டு என்று நீங்கதானே வாசிச்சிய என்றான். கேள்வி கேட்காதே என்று அவள் அவனை எழுந்து நிற்க வைத்தாள். அன்று மணி அடிக்கிறவரை நின்றான், நின்றுகொண்டே சிரித்தான்.

"எப்சியக்கா, கொஞ்சம் நில்லுங்க."

பாக்கியப்பூ குரல். எப்சிபா நடந்தாள்.

"அரிசி வச்சிருக்கேன்."

நின்றுவிட்டாள். வேறு எந்த வார்த்தைக்கும் நின்றிருக்க மாட்டாள். பிடி அரிசி என்று ஒரு வீட்டில் நீட்டினால் பெட்டிக்காரி தாண்டிப் போகக்கூடாது. அது மாமியார் சொல்லிக்கொடுத்த முதல் ஒழுங்கு, எப்சிபா எந்த ஒழுங்கையும் மீறாதவள்.

பாக்கியப்பூ ஒரு சின்ன ஓலைக்கொட்டானைக் கொண்டுவந்து நீட்டினாள். இந்த வாரத்து அரிசி, ஏழு நாளும் இரண்டு வேளை, பதினாலு பிடி என்றாள். நீ இன்னுமா எடுத்து வைக்கிற என்று எப்சிபா கேட்டாள். பதினொரு வருடத்துக்கு அப்புறம் அவளிடம் பேசின முதல் பேச்சு அதுதான்.

ஒரு வேளையும் விட்டதில்லை என்றாள் பாக்கியப்பூ. சனிக்கிழமை சாயங்காலம் படலோரம் கொட்டானோடு நிற்பாளாம். எப்சியக்கா மேலவீட்டில் அரிசி வாங்குகிற சத்தம் கேட்குமாம், கீழவீட்டில் வாங்குகிற சத்தம் கேட்குமாம், நடுவில் இவள் வீடு. பிறகு மறுநாள் அதையே பொங்கி, உப்பளத்தில் கூலிக்கு வந்து கிடக்கிற வடக்கத்தி ஆட்களுக்குப் போட்டுவிடுவாளாம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். அப்புறம் கல்லறைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"அவன் போன அன்னிக்கு அடுப்பு எரியல அக்கா. ஆனாலும் பானையில இருந்து ஒரு பிடி எடுத்து வச்சேன். மறுநாள் சனிக்கிழமை. நீங்க பெட்டியை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு வேகமாப் போனிய. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

எப்சிபாவுக்கு அந்தச் சனிக்கிழமை நினைவிருந்தது. மாற்றின இடுப்பும் நினைவிருந்தது. மாமியார் இறந்த அன்று, வீட்டில் உலை வைக்கவில்லை, அதனால் பிடி அரிசியும் எடுத்து வைக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அது தவறு இல்லை என்று அன்றைக்கு ஐயரே சொல்லியிருந்தார். ஊரில் தன்னைவிடச் சரியாக நடந்தவள் ஒருத்தி இல்லை என்றுதானே இத்தனை வருஷம் இருந்தாள்! ஒருத்தி இருந்திருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம், பிள்ளையைப் புதைக்க இடம் கேட்டுக் கெஞ்சின கையாலேயே அரிசி எடுத்து வைத்துக்கொண்டு. எப்சிபாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சின்ன வெட்கம் இல்லை, தலையில் இருந்த பெட்டியோடு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போன்ற வெட்கம். கொட்டானை இரண்டு கையாலும் வாங்கினாள். பெட்டிக்குள் கொட்டவில்லை, தனியாகப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைச் செருப்பைப் போடாமல், வெறுங்காலோடு படலைத் திறந்துகொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

கொப்பரைகளில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எப்சிபா வந்ததைப் பார்த்து ஊர் விலகி வழிவிட்டது, பொன்ரத்தினத்தின் மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு பின்னுக்குப் போனாள். எப்சிபா பெட்டியை இறக்கி வைத்து, கொட்டானில் கை விட்டு, ஒரு பிடி அரிசி எடுத்துத் தூக்கினாள்.

"பாக்கியப்பூ வீடு."

யாரும் ஆமென் சொல்லவில்லை. விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. பொன்ரத்தினம் முன்னால் வந்து, மெதுவாகத்தான் சொன்னார், அது தள்ளிவைத்த வீடு, அந்த அரிசி சபைக் கொப்பரையில் விழக்கூடாது, அந்த ஒழுங்கே நீங்க கொண்டுவந்தது அல்லவா என்று.

"ஆமா, நான்தான் கொண்டுவந்தேன்," என்றாள் எப்சிபா. "தப்பாக் கொண்டுவந்துட்டேன். நம்ம பிள்ளை ஒண்ணு செத்துக் கிடந்தான். அவனைப் பெத்தவ வந்து நம்ம வாசல்ல நின்னா. நான் ஒழுங்கு பேசினேன். இப்ப சொல்லுதேன், இந்த வீட்டுக்கு ஆமென் வராம அடுத்த வீட்டுப் பேரை நான் சொல்லப் போறதில்லை. என் வீட்டு அரிசியும் இதுல விழாது."

நூற்றுப் பத்து வீடு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கை உயர்ந்தபடியே இருந்தது. கொப்பரை ஆவி அந்தக் கையில் அடித்தது, சிவந்தது, அவள் இறக்கவில்லை. இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கடைசியில் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஓர் ஆமென் வந்தது, தனசிங்கினுடையது. கோயிலில் அவர் சத்தமாக ஆமென் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு புளி கேட்டு வந்தவள் சொன்னாள், சும்மா வந்தவள் சொன்னாள், காப்பி குடித்தவர்கள் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள், யோவேல் கொத்தனார் கூரைமேல் நின்றவன்போலக் கத்திச் சொன்னான், சின்ன ஐயர் பொன்ரத்தினத்தைப் பார்க்காமலேயே சொன்னார். அரிசி விழுந்தது. அடுத்த பேராக எப்சிபா பொன்ரத்தினம் வீடு என்றாள். ஊர் ஆமென் என்றது. அவர் தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நூற்றுப் பத்து வீட்டையும் சொல்லி முடித்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எப்சிபா மணிக்கூண்டுக்குப் போனாள். ஈசாக்குவிளையில் இறந்தவர் வயது எத்தனையோ அத்தனை மணி அடிப்பது வழக்கம். மணியடிக்கிறவர், யாருக்கு என்று கேட்டார். கிளாட்வினுக்கு என்றாள். கயிற்றை அவரிடம் கொடுக்கவில்லை. அவளே இழுத்தாள். பெரிய மணி, கனத்த கயிறு, அவளுக்கு அறுபத்தொரு வயது. பத்தாவது மணியில் தோள் விட்டுப்போனது. பன்னிரண்டாவது மணியில் தனசிங் ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார். தள்ளி நில்லுங்க, இது நான் நிறுத்தின மணி என்றாள். பத்தொன்பதாவது மணியை இழுத்தபோது கயிற்றோடு சேர்ந்து மண்டியிட்டுவிட்டாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சோறு வெந்ததும் முதல் இலையில் வாங்கி, மூடி, உப்பளச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் படலுக்கு வெளியே நின்றாள். பாக்கியப்பூ கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மணி கேட்டது, எண்ணினேன், பத்தொன்பதும் சரியாக இருந்தது என்றாள்.

"பதினொரு வருஷம் பிந்திட்டு அக்கா."

"ஆமா. என்னை மன்னிச்சுக்கோ பாக்கியம்."

"அதுக்கு எனக்கு நாள் வேணும்."

"எடுத்துக்கோ. நான் நாளைக்கும் வாறேன்."

சோற்றைப் பாக்கியப்பூ வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. எப்சிபாவும் காத்து நிற்கவில்லை, வந்த வழியே திரும்பித் தெருவாசல் வழியாகத் தன் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை எப்சிபா வாசலைத் திறந்து காலை வைத்தாள். கால் தெருவில் இறங்கியது. கோயில் எதிரே நின்றது. வாசல் சரியாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள், ஆனால் யாருக்கும் அதில் அப்படியொன்றும் சந்தோஷம் இல்லை. வழக்கம்போலப் புளி கேட்டு வந்தவள், வாறேன் அக்கா என்று இறங்கி, நடுத்தெருவில் வெயிலில் நின்று விழித்தாள். தனசிங் பேப்பர் வாங்கப் போய், காப்பி இல்லாமல், முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தார். எப்சிபா தெருவில் நின்று தன் வாசலை மேலும் கீழும் பார்த்தாள். முப்பத்துநான்கு வருடம் எது வேண்டும் என்று இருந்தாளோ அது அப்படியே திரும்பக் கிடைத்திருந்தது. ஒரே ஆளாகக் கொத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

யோவேல் கடப்பாரையோடு வந்து, இன்னும் ஒரு வாசலா, இந்த வீட்டில் சுவரைவிட வாசல் அதிகமாப் போச்சு என்று புலம்பினான். எப்சிபா அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிச் சில்லு பதித்த சுவரைக் காட்டினாள். அவன் கடப்பாரையை ஓங்கிச் சுவரில் இறக்கினான். மத்தியானத்துக்குள் ஒரு ஆள் அகலத்துக்கு உடைத்தாகிவிட்டது. அந்தப் பக்கம் பாக்கியப்பூ புழுதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் நிலை வைத்தால் போதுமா, கதவு போடட்டுமா என்று யோவேல் கேட்டான். அதை அவகிட்டக் கேளு, அவ சொல்லுற மாதிரி பண்ணு என்றாள் எப்சிபா.

பாக்கியப்பூ உடைத்த இடத்தைப் பார்த்தாள், கல்லறையைப் பார்த்தாள், எப்சிபாவைப் பார்த்தாள்.

"கதவு போடு," என்றாள். "தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கட்டும்."

அப்படியே போட்டான். எப்சிபா பக்கத்தில் பிடிக்க ஒரு வளையம்கூட இல்லை, வழுவழுவென்று வேப்பம் பலகை. பெயிண்ட் காய்ந்த சனிக்கிழமை சாயங்காலம், பிடி அரிசி வாங்கப் பெட்டியை இடுப்பில் எடுத்துக்கொண்டு புறப்பட்டவள், மேலவீட்டுக்கும் போகவில்லை, கீழவீட்டுக்கும் போகவில்லை, முதலில் பின்பக்கம் போய் அந்தக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. நின்றாள். கோயிலில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்தது, இன்னும் நின்றாள். இன்னொரு தடவை தட்டவில்லை, இடுப்பும் மாற்றவில்லை. ரொம்ப நேரத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது, ஓலைக்கொட்டானும் அதைப் பிடித்த கையும் வெளியே வந்தன. எப்சிபா பதினாலு பிடி அரிசியையும் பெட்டியில் வாங்கிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை வாறேன் பாக்கியம் என்றாள். கை உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது, ஆனால் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கவில்லை.